கடைசிக் காம்பராவைத் தாண்டிப் போனது

வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கிற பெண்ணோடு நான் சண்டை போடுவது வழக்கம். அவளுக்குக் கேட்காது என்ற தைரியம்தான். “மத்திய மலைநாட்டின் சில இடங்களில் பலத்த மழை பெய்யக்கூடும். ஆற்றோரம் வசிப்பவர்கள் வெள்ளம் குறித்தும், மலைச்சரிவில் வசிப்பவர்கள் மண்சரிவு குறித்தும் அவதானமாக இருக்கவும்” என்பாள். நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்பேன். “சில இடம்னா எந்த இடம்மா? டயகமவா, அக்கரப்பத்தனையா, இல்ல எங்க லயத்து முதுகா? அவதானமா இருந்து என்னா பண்றது, மலையைக் கையால தாங்கிப் பிடிக்கவா?” பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் சிரிக்கும்.

பிள்ளைகள் என்றால் என் பிள்ளைகள் இல்லை. நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் தங்கள் குழந்தைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் புகட்டுவது, சோறூட்டுவது, தொட்டிலாட்டுவது, மூக்கைத் துடைப்பது எல்லாம் என் பாடு. சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்டார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக, ஆளுக்கோர் அறையாக, ஆறு காம்பரா. முதல் காம்பராவில் நான். எனக்குப் பக்கத்திலேயே பிள்ளைக்காம்பரா. லயத்தின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மலை. அந்த மலை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதால் அதை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதும் இல்லை.

என் வாய்தான் என்னை மாட்டிவிட்டது. மண்சரிவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்துக்குச் சிலர் வந்தார்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் வானொலிப் பெண்ணிடம் கேட்கிற அத்தனை கேள்வியையும் அவர்களிடம் கேட்டேன். வந்தவரில் ஒருவர் சிரித்துக்கொண்டே, “இவ்வளவு கேக்குறீங்களே, அப்ப நீங்களே மழையை அளந்து சொல்லுங்க மிஸ்” என்று ஒரு மழைமானியை என் கையில் கொடுத்தார். பிறந்ததிலிருந்து என்னை யாரும் மிஸ் என்று கூப்பிட்டதில்லை. மழைமானி என்றால் பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. மேலே புனல் வைத்த பிளாஸ்டிக் குழாய். அதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. தினம் காலையில் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். ஒரு பகல் ஒரு இரவுக்குள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால், லயத்தில் ஒரு ஆள் இருக்கக் கூடாது, எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது நான்.

பிள்ளைக்காம்பரா முற்றத்தில் கம்பு நட்டு அதைக் கட்டினேன். அந்தக் கம்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் நடையே மாறிவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமை ஒரு மழைக்காலம்கூட நிலைக்கவில்லை.

மூன்றாம் காம்பராப் பெண் பெரியவளாகிச் சடங்கு வைத்திருந்தார்கள். டயகமவிலிருந்து தாய்மாமன் வீட்டார் முதல் நாளே வந்துவிட்டார்கள். சடங்கன்று காலையில் வாசலில் அடுப்பு மூட்டிப் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. தூறல்தான். நான் மாட்டுக்குப் புல்லறுக்கப் போக, கொடியில் கிடந்த என் படங்கை இழுத்து இடுப்பில் கட்டினேன். தேயிலைச் செடியின் ஈரம் உடம்பில் படாமல் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பைத்தான் படங்கு என்போம். கட்டிக்கொண்டு திரும்பினால், குழாயில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே நிற்கிறது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம் வாய் ஓடியது. “கோடு தாண்டிருச்சு! எல்லாரும் வெளிய வாங்க! மலை வரப்போகுது!” என்று லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் கத்திக்கொண்டு ஓடினேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். கிழவர்களை முதுகில் தூக்கினார்கள். தாய்மாமன் வீட்டார் சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் வழுக்கினார்கள். சடங்குப் பெண்ணை மறைவில் உட்கார வைத்திருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஆம்பிளை கண்ணில் படக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்தப் பிள்ளையை நான் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அது முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதது. கடைசிக் காம்பரா அக்காதான் தன் போர்வையைக் கொண்டுவந்து அதன் தலை முதல் கால் வரை மூடி, தன் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடத்திக்கொண்டு போனாள்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். புருஷன் செத்து வருஷக்கணக்காகிறது. பிள்ளை இல்லை. லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறாள். கொழுந்து எடுப்பதில் கைவேகம், பேச்சில் அதைவிட வேகம். யாரையும் கேலி செய்யாமல் அவளுக்கு ஒரு பொழுது போகாது. லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் பெரியம்மா.

பள்ளிக்கூட மண்டபத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். மலை வரவில்லை. தூறல்கூட நின்று, வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. சோற்றை நாய்கள் தின்றுவிட்டிருந்தன. சடங்கு வீட்டு அம்மா என் முகத்தைப் பார்க்காமலே நடந்து இறங்கினாள். அவள் வாயால் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது கடைசிக் காம்பரா அக்கா. “ஏன்டி, நேத்து ராத்திரி படங்க எங்க காயப்போட்ட?” என்று கேட்டாள். காட்டினேன். அவள் அதைத் திரும்பவும் அதே கொடியில் போட்டாள். ஒரு மூலை தொங்கி நேராகப் புனலுக்கு மேலே நின்றது. அவள் ஒரு செம்புத் தண்ணீரைப் படங்கின் மேல் ஊற்றினாள். ஊற்றியதெல்லாம் மடிப்பு வழியாக வழிந்து குழாய்க்குள் விழுந்தது. ராத்திரி முழுக்கத் தூறிய தூறல் அவ்வளவையும் என் படங்கு ஒன்றுவிடாமல் பிடித்து அந்தக் குழாயில் சேர்த்திருக்கிறது. “அடியாத்தி, மலை வரல, உன் படங்குதான் வந்திருக்கு!” என்றாள். கூடி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சடங்கு வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. மறுநாளிலிருந்து என் பெயர் ‘செவப்புக்கோடு’. மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் குடம் பிடிக்கப் போனால், “செவப்புக்கோடு வருது, குடத்தை எடுத்துட்டு ஓடுங்கடி” என்பார்கள். வாய்க்கு வாய் கொடுக்கிற ஆளான நான், பெண்கள் போன பிறகு தனியாகப் பீலிக்குப் போக ஆரம்பித்தேன். என் பிள்ளைக்காம்பராப் பிஞ்சுகள்கூட, “கோடு தாந்திச்சு, ஓது ஓது” என்று ஒரு விளையாட்டு வைத்திருந்தன. அவற்றை அதட்டவும் எனக்கு முகம் இல்லை. கடைசிக் காம்பரா அக்கா போகும்போதும் வரும்போதும், “என்னாடி, இன்னைக்கு வெயிலா மழையா?” என்று கேட்பாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கிறவள் இல்லை, அவள் சுபாவம் அப்படி. எனக்கு அது தெரியும். தெரிந்தும் எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினேன். அவளோடு பேச்சையே விட்டுவிட்டேன்.

அடுத்த பெருமழை வந்தபோது இப்படித்தான் இருந்தோம்.

வானொலிப் பெண் அந்த முறை ‘சில இடங்களில்’ என்று சொல்லவில்லை. மத்திய மலைநாடு முழுவதும் என்றாள். போனுக்குப் போன் எச்சரிக்கை வந்தது. இரண்டு நாளாக நிற்காமல் ஊற்றியது. கீழே ஆறு பாலத்துக்கு மேலே போகிறது என்றும், டவுனுக்கு பஸ் இல்லை என்றும், கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்றும் கேள்விப்பட்டோம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள், ஆண்களும் பெண்களும் மலைக்குப் போனார்கள். மழைக்குப் பயந்து வீட்டில் இருந்தேன் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ஒரு நாள் வேலை போகும் என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே ஒருத்தி பேச்சைக் கேட்டு ஓடிச் சிரிப்பாய்ச் சிரித்தது மறக்கவில்லையே. பள்ளிக்கூடம் இல்லாத பெரிய பிள்ளைகளையும் சேர்த்து அன்றைக்கு என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் காம்பராப் பெண்ணும் வந்திருந்தாள். இப்போது நன்றாக உயர்ந்துவிட்டாள்.

நான் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் செம்மஞ்சள் கோட்டைத் தாண்டி, சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. கொடியில் எதுவும் தொங்கவில்லை. இரண்டு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டேன். ஒரு விரல் குறைகிறதே என்று எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கோடு தாண்டவில்லை, ஆகவே நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சோற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனேன். எந்த மழையிலும் கண்ணாடி போல வருகிற தண்ணீர் அது. அன்று பால் ஊற்றிய தேத்தண்ணி போல வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையில் பிடித்துப் பார்த்தேன். விரலிடுக்கில் மண் நின்றது. கூட்டத்தில் சொன்னார்கள்: ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் மலைக்குள்ளே மண் நகர்கிறது, அப்போது கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். திரும்பி ஓடினேன். வழியில் ஐந்தாம் காம்பராக் கதவு நிலையில் இறுகி, சாத்த முடியாமல் பாதியில் நின்றதைப் பார்த்தேன். நேற்று வரை சாத்திய கதவு. அதுவும் கூட்டத்தில் சொன்ன அடையாளம்தான்.

முற்றத்தில் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. மலையைவிட எனக்கு அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. நான் கத்தி, எல்லோரும் ஓடி, மறுபடியும் வெயில் வந்துவிட்டால்? தோட்டத்தில் மறுபடி தலை நிமிர்ந்து நடக்கவே முடியாதே என்றுதான் நினைத்தேன். இப்படி நினைக்கிற ஒருத்தியிடம் உயிர்களைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அப்போது ஒரு யோசனை வந்தது. யாரையும் நான் கூப்பிட வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். பிள்ளை இருக்கிற இடத்துக்குத் தாய் வந்துதானே ஆகவேண்டும்? ஒரு தாய்க்கு போன் போட்டேன். “பிள்ளைக்காம்பராவுல கூரை ஒழுகுது. பிள்ளைங்கள மேல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறேன். எல்லார்கிட்டயும் சொல்லிருங்க, அங்க வந்து பாத்துக்கங்க” என்றேன். “என்னாங்க, அவ்வளவு தூரமா?” என்றாள் சலிப்போடு. மலை என்றோ மண் என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல் போனை வைத்தேன்.

வீட்டில் கிழவன் கிழவி இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டேன். “ஓடிப்போய் தாத்தாவக் கூட்டிக்கிட்டு வா. பிள்ளைங்களப் பாத்துக்க ஆள் பத்தலன்னு சொல்லு.” “நீ போய் அம்மாயியக் கூட்டிக்கிட்டு வா.” முணுமுணுத்துக்கொண்டே கிழவர்கள் வந்தார்கள். பேரப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்? கைக்குழந்தைகள் இரண்டைக் கொழுந்துக் கூடையில் துணி விரித்து வைத்து முதுகில் மாட்டினேன். மேலே அதே படங்கைப் போர்த்தினேன். நடக்கிற சின்னதுகளைப் பெரிய பிள்ளைகள் தூக்கிக்கொண்டன. அடுப்பில் பருப்புச்சோறு வெந்துகொண்டிருந்ததை மறந்தே போனேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை லயத்தின் முன்னால் நீளமாகப் போய், கடைசிக் காம்பராவைத் தாண்டித்தான் மேலே ஏறும். அந்த மலை குனிந்து நிற்பதும் கடைசிக் காம்பராவின் முதுகில்தான். அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே இருமல் கேட்டது.

மூன்றாம் காம்பராப் பெண் நின்றாள். “பெரியம்மாவையும் கூப்பிடவா?”

“நட” என்றேன்.

“காய்ச்சலா கெடக்குறாங்க...”

“நம்ம போற சத்தம் கேட்டா வருவாங்க. சின்னது நனையுது பாரு, நட.”

அந்தக் கதவைத் தட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ‘என்னாடி, கோடு தாண்டிருச்சா?’ என்று கேட்டிருப்பாள். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைக் காதில் வாங்க எனக்குத் திராணி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, படங்கு சரசரக்காமல் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வாசலைத் தாண்டினேன். ஆமாம், சத்தம் கேட்டால் வருவாள் என்று பிள்ளையிடம் சொன்ன நானே சத்தம் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் தாய்மார் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள், நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கோபத்தோடு. “ஒழுகுனா ஒரு சட்டிய வைக்கிறதுதானே? இவ்வளவு தூரம் ஏற வச்சுட்டீங்களே!” என்றாள் ஒருத்தி. “திரும்பவும் கோடு தாண்டிருச்சோ என்னமோ” என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். நானும் சேர்ந்து இளித்தேன். உண்மையை அப்போதாவது சொல்லியிருக்கலாம். கீழே ஒருத்தி இருக்கிறாள், யாராவது போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் இறங்கி ஏறுகிற தூரம்தான். நான் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

பசியில் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. அப்போதுதான் அடுப்பில் விட்ட சோறு ஞாபகம் வந்தது. சரி, இதுதான் சாக்கு, சோறு எடுக்கப் போகிறேன் என்று இறங்கி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று எழுந்தேன். வாசலுக்கு வந்தால், மழைக்குள் ஒரு உருவம் ஏறி வருகிறது. தலையில் கம்பளி, கம்பளிக்கு மேலே சோற்றுச் சட்டி. ஒரு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் புல்லைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இருமிக்கொண்டு வந்தாள் அக்கா.

“எங்கடி போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?” என்று தூரத்திலிருந்தே கத்தினாள். “பிள்ளைங்க சத்தத்தையே காணோமேன்னு எந்திரிச்சு வந்து பாத்தா, ஒரு குஞ்சு குளுவான் இல்ல. சோறு தீயுது. அடுப்ப அமத்திட்டு எடுத்துட்டு வர்றேன். பச்சப்பிள்ளைங்கள பட்டினி போட்டு இங்க என்னா திருவிழாவா நடத்துறீங்க?”

நான் பல நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள். சட்டியை என் கையில் கொடுத்தாள். அவள் கை நெருப்பாய்ச் சுட்டது, சட்டியால் இல்லை, காய்ச்சலால். “இந்தா, ஊட்டு” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகளுக்குப் பாதிதான் ஊட்டியிருப்பேன். லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டினது போல ஒரு சத்தம். ஆனால் நிற்கவே இல்லாத சத்தம். தரை நடுங்கியது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். லயத்துப் பின்னால் இருந்த தேயிலை, செடிகளோடும் பாதையோடும் அப்படியே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் போனது கடைசிக் காம்பரா. அது இடிந்து விழவில்லை. இருந்தது, அப்புறம் இல்லை. பிறகு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. முதல் காம்பராவும் பிள்ளைக்காம்பராவும் மட்டும் மண்ணில் பாதி புதைந்து நின்றன.

ஒருத்தி ஓடிவந்து என் காலைப் பிடித்தாள். “தெய்வமே, எங்க எல்லாரையும் காப்பாத்துனீங்களே!” என்று அழுதாள். சற்று முன் சட்டியை வைக்கச் சொன்னவள்தான். சடங்கு வீட்டு அம்மா அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “தெரிஞ்சுதானே கூட்டிட்டு வந்தீங்க? கூரை ஒழுகுதுன்னு சொன்னது சும்மாதானே?” என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கிழவர்கள் என் தலையில் கை வைத்தார்கள்.

அக்கா மட்டும் சுவரோரத்திலேயே இருந்தாள். தன் காம்பரா இருந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரும் கேட்கிற மாதிரி, ஆனால் சத்தம் போடாமல், கேட்டாள்.

“தெரிஞ்சுதான் வந்தியா?”

நான் கையில் ஒட்டியிருந்த சோற்றைத் தேய்த்தேன்.

“பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் பிள்ளையவே ஆளா விட்ருக்க. என் வீட்டுல பிள்ளை இல்லன்னுதானே விட்டுட்டுப் போயிட்ட?”

“அப்படி இல்லக்கா...”

“அப்ப எப்படி?”

மூன்றாம் காம்பராப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும். நீ என்னைக் கேலி செய்வாய் என்று பயந்து உன் கதவைத் தட்டவில்லை என்று ஒரு மனுஷி இன்னொரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஒரு கேலிக்கும் ஒரு உயிருக்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ என்று கேட்டால்? பிள்ளை இல்லாததால் விட்டேன் என்று அவள் நினைப்பது பொய். ஆனால் உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது. என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் தலையில் இருந்த கைகள் மெல்ல விலகின. அவள் இருமிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

இப்போது நாங்கள் மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோரில் இருக்கிறோம். தகரத்தாலும் சாக்காலும் தடுத்து ஆளுக்கொரு இடம் கொடுத்திருக்கிறார்கள். வீடு வரும் என்கிறார்கள், வரும்போது வரட்டும். அக்காவின் இடத்துக்கும் என் இடத்துக்கும் நடுவே ஒரு சாக்குப் படுதாதான். அவள் என்னோடு பேசுகிறாள். உப்புக் கேட்பாள், நெருப்புப்பெட்டி கேட்பாள், தேத்தண்ணி ஊற்றினால் எனக்கும் ஒரு கோப்பை நீட்டுவாள். ஆனால் என்னைக் கேலி செய்வதில்லை. மற்ற எல்லோரையும் செய்கிறாள். “என்னாடி, இன்னைக்கு வெயிலா மழையா?” என்று ஒரு தடவை கேட்டுவிட மாட்டாளா என்று ஏங்குகிறேன். செவப்புக்கோடு என்று இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். அது எனக்கு முள்ளாகக் குத்துகிறது.

எனக்கு வேறொரு மழைமானி கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன். உங்களைவிட்டால் யார் என்றார்கள். ஸ்டோர் முற்றத்தில் கட்டியிருக்கிறேன். கொடியெல்லாம் அந்தப் பக்கமே கிடையாது.

போன கிழமை வானொலிப் பெண் மறுபடியும் ஆரம்பித்தாள். பலத்த மழை, மண்சரிவு, அவதானம். நான் அவளோடு சண்டை போடவில்லை. மத்தியானம் குழாயைப் பார்த்தேன். மஞ்சள் கோட்டில்தான் நின்றது. ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் தண்ணீர் நிறம் மாறுகிற மாதிரி இருந்தது. மாறவில்லையோ என்னவோ, எனக்கு அப்படித் தெரிந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று ஓடினேன். இந்தத் தடவை பிள்ளைகளிடம் போகவில்லை. வேறு யாரிடமும் போகவில்லை. முதலில் அவளுடைய படுதாவைத்தான் விலக்கினேன்.

“அக்கா” என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கம்பளிச் சட்டை போட்டு, செருப்பு மாட்டி, மடியில் ஒரு பையை வைத்து, பக்கத்தில் குடையைச் சாத்தி வைத்திருந்தாள். அந்தப் பையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து படுதாவுக்குப் பக்கத்தில் கட்டியபடியே இருக்கிற பை.

“உன்னைக் கூப்பிடத்தான்கா வந்தேன். முதல்ல உன்கிட்டதான் வந்தேன்.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

“நீ போய்ப் பிள்ளைங்களப் பாரு புள்ள” என்றாள். “நீ வந்து கூப்பிடுவன்னு நான் எங்க காத்துக்கிட்டு இருந்தேன்?”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் பள்ளிக்கூடப் பாதையில் ஏறிப் போனாள். நான் போய்ப் பிள்ளைகளைத் தூக்கினேன்.